ரத்தம் வற்றிய தெருவும் எங்கள் டானிக் வேனும்

போன மாதம் கும்பகோணத்தில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஓர் இளம்பெண் என்னைப் பார்த்து, “உங்கள் எலும்புகள் உங்களுக்குத் தெரியாமலே கரைந்துகொண்டிருக்கின்றன” என்றாள். நான் போனதோ பல்வலிக்கு. வலித்த கன்னத்தை விட்டுவிட்டு முழங்காலைத் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரும் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மூச்சு இடைவெளிக்குத்தான் நான் பாதி ஆயுசு சம்பளம் வாங்கினேன்.

நான் டானிக் வேனில் அறிவிப்பாளனாக இருந்தவன். கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. அதன் பெயர் வேண்டாம். டானிக்கை டானிக் என்றே சொல்லிவிடுகிறேன். கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகில் இரும்பு ஆணியை ஊறப்போட்டது போன்ற ருசியில் இருக்கும்.

அதற்கு முன்பு மைக் செட் கடையில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் “ஹலோ, மைக் டெஸ்டிங்” நான்தான். அது ஆட்சி மாறியிருந்த காலம். தஞ்சாவூர் ஜில்லாவில் டீக்கடையில் டீ கேட்பவன்கூட அடுக்குமொழியில் கேட்டான். கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டதில் எனக்கும் அந்த நடை ஒட்டிக்கொண்டது. ஒரு கூட்டத்தில் பேச்சாளர் வரத் தாமதமானபோது கூட்டம் கலையாமல் இருக்க நானே பேசிச் சமாளித்தேன். கடைசி வரிசையில் நின்றிருந்த ஒருவர் முடிந்ததும் கிட்டே வந்தார்.

“கட்சிக்காரரா நீங்க?”

“இல்லீங்க. மைக் செட்டுக்காரன்.”

“நல்லது. அப்ப எதுக்கு வேணும்னாலும் பேசுவீங்க” என்றார்.

அவர்தான் டானிக் கம்பெனியின் விளம்பர மேனேஜர் கோதண்டபாணி. மறு வாரமே என்னை வேனில் ஏற்றிவிட்டார்.

கோதண்டபாணி சார் மெல்லத்தான் பேசுவார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். குடிப்பது வெந்நீர் மட்டும். எங்கள் டானிக்கை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. யாராவது மடக்கிவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பதில் தயாராகிவிடும். உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான் என்பது அவர் கட்சி: நோயாளிகள், இன்னும் தெரியாதவர்கள்.

“மூர்த்தி, நாம யாரையும் பயமுறுத்தறதில்ல. அக்கறைப்படுத்தறோம். அப்புறம், பொய் சொல்லவே கூடாது. கேள்வி கேட்கறது பொய் ஆகாது.”

ஆகவே எங்கள் அறிவிப்பு முழுக்கக் கேள்விகள். காலையில் எழும்போது அசதியாக இருக்கிறதா? குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறீர்களா? சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா? ஆமாம் என்று சொல்லாதவன் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். ஐந்தாவது கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் நான் பேசக் கூடாது. அந்த நேரத்தில் ஜனங்கள் தங்களுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகுதான், “கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா?” என்று குரலை இறக்கிச் சொல்ல வேண்டும். வேனின் பின்கதவில் அதற்கென்றே ஒரு கண்ணாடி பதித்திருந்தோம். மற்றக் கம்பெனிக்காரர்கள் நாக்கை நீட்டிப் பார்க்கச் சொல்வார்கள். சார் அதற்குச் சம்மதிக்க மாட்டார். “வெத்தலை போடற ஊர்ல எவன் நாக்கு வெளுத்திருக்கும்? ஊர் தெரியாம தொழில் செய்யக் கூடாது.”

சாவு என்ற சொல்லை மைக்கில் உச்சரிக்கவே கூடாது. “பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்” என்றால் போதும். மீதியை அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

இந்த அறிவிப்பில் முதலில் விழுந்தவர் எங்கள் வேன் டிரைவர் காதர் பாய். அய்யம்பேட்டைக்காரர், ஆஜானுபாகுவான ஆள். வேன் சேற்றில் சிக்கினால் இறங்கி ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்து நகர்த்துவார். ஒரு நாள் பாபநாசம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “தம்பி, எனக்கு அஞ்சும் இருக்கு” என்றார்.

“எது பாய்?”

“நீ சொல்ற அஞ்சும்தான். அசதி, இருட்டு, மூச்சு, கோவம், தூக்கம்.”

“எவ்வளவு நாளா?”

கொஞ்சம் யோசித்தார். “நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து.”

சாரிடம் சொன்னேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “தினம் பத்துத் தடவை கேக்கறவரே நம்பறார்னா, ஒரு தடவை கேக்கறவன் என்ன ஆவான் பாருங்க.” காதர் பாய்க்குப் பாதி விலையில் டானிக் கொடுக்க உத்தரவு போட்டார். இலவசமாகக் கொடுத்தால் குணமாகாதாம்.

திருவிடைமருதூர் தைப்பூசத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவின் ஒரு முனையில் எங்கள் வேன், மறு முனையில் ஒரு கட்சிக் கூட்டம். மேடையில் பேசியவர் நல்ல குரல்காரர். “எங்கள் உடலில் கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை!” என்று முழங்கிக் கைதட்டலுக்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் என் குரல் போய் விழுந்தது: “அந்த ரத்தம் உங்களிடம் இருக்கிறதா? இமையை இழுத்துப் பாருங்கள்!” கூட்டத்தில் முன்வரிசை கண்ணை இழுத்துப் பார்த்ததாம். வட்டச் செயலாளர் நான்கு பேரோடு ஓடி வந்தார்.

“என்னய்யா, தலைவர் வீரமா பேசறப்ப குறுக்க பூந்து ரத்தம் இருக்கான்னு கேக்கற?”

சார் கண்ணாடியைத் துடைத்தார். “உங்க தலைவருக்குக் குரல் கொஞ்சம் கம்முது பாருங்க. காலையில எழுந்தா அசதியா இருக்குன்னு சொல்வாரா?”

வட்டச் செயலாளர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஆமா, சொல்வாரு” என்றார். இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி எதையும் டானிக்காக மாற்றிவிடும் மனிதரை ஒரே ஒரு ஊர்தான் திணற அடித்தது. அந்த ஊரை இங்கே சாத்தங்கரை என்று வைத்துக்கொள்வோம். திருப்பனந்தாள் பக்கம், பச்சைப்பசேல் என்று இருக்கும் ஊர். அங்கே பெரிய மிராசுதார் சிதம்பரநாதர். ஊர் நிலத்தில் பெரும்பகுதி அவருடையது. கும்பகோணத்தில் மருந்துக் கடையும் வைத்திருந்தார். எங்கள் டானிக்குக்கு அந்தப் பக்கமெல்லாம் அவர்தான் ஏஜெண்ட்.

அந்த வருடங்களில் ஜில்லா முழுக்கக் கூலித் தகராறு. சங்கம், கொடி, போலீஸ் வேன் என்று ஊருக்கு ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. சாத்தங்கரையிலும் நடவுக் கூலியை உயர்த்தச் சொல்லிச் சங்கம் கேட்டிருந்தது. மிராசுதார் முடியாது என்றுவிட்டார். ஆனால் கீழத்தெரு ஜனங்கள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். நடவு தொடங்கும் நேரத்தில் தன் ஊருக்கும் வேனை அனுப்பும்படி மிராசுதாரே கேட்டார். கூலியாகக் கொடுப்பது டானிக்காகத் திரும்பி வரட்டும் என்ற கணக்காக இருக்கலாம்.

சாயங்காலம் கீழத்தெரு முனையில் வேனை நிறுத்தினோம். வயலிலிருந்து திரும்பிய பெண்கள் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள். நான் கேள்விகளை ஆரம்பித்தேன். “குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதா?” என்றதும் தெருவே “ஆமா” என்றது. பகல் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

முன்னால் நின்ற ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். அவர்தான் அஞ்சலை. நடவு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இந்த ரத்தம் எதனால வத்துதுங்க?”

அதுவரை எந்த ஊரிலும் யாரும் காரணம் கேட்டதில்லை. ஆனால் சார் எழுதிக் கொடுத்திருந்த வசனத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. நான் கணீரென்று சொன்னேன்: “அளவுக்கு மீறிய உழைப்பாலும், அரை வயிற்று உணவாலும், ஓய்வில்லாத வாழ்வாலும், அன்பர்களே, உங்கள் ரத்தம் ஊற்று வற்றிய கிணறாக ஆகிறது!”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன்.

“தெருக்கோடியில இருக்கவங்களுக்குக் கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

என் அடுக்குமொழியில் மயங்கிவிட்டார் என்று நினைத்து, ஒலியைக் கூட்டி மூன்றாம் தடவையும் சொன்னேன். எல்லாரும் கண்ணாடி முன்னால் வரிசையாக நின்று இமையை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. வேன் கிளம்பும்போது காதர் பாய், “வியாபாரம் ஆகலியே, இவ்வளவு சந்தோஷமா கையாட்டுறாங்க?” என்றார்.

மறுநாள் காலை மிராசுதார் வயலில் ஒருவரும் இறங்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் போய்க் கூப்பிட்டிருக்கிறார். “எங்களுக்கு ரத்தம் வத்திப்போச்சுங்க. வேன்ல சொல்லிட்டுப் போனாங்க” என்று அவரவர் வாசலில் படுத்துக்கொண்டார்களாம். வேலைநிறுத்தம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. கொடி ஏற்றவில்லை, கோஷம் போடவில்லை. போலீஸில் என்னவென்று புகார் கொடுப்பது?

இரண்டாம் நாள் மிராசுதார் எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

“நாத்து முத்திட்டிருக்கு. வாய்க்கால்ல தண்ணி ஓடிட்டிருக்கு. நம்ம முறை முடிஞ்சா மதகை அடைச்சிடுவான். நீங்க வந்து பயமுறுத்திட்டுப் போயிட்டீங்க, தெருவே படுத்துக்கிச்சு!”

“பயமுறுத்தல சார். அக்கறைப்படு…” என்று ஆரம்பித்தார் கோதண்டபாணி சார்.

“என்ன எழவோ! திருப்பிப் போயி அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க!”

என் தொழில் வாழ்க்கையில் அப்படியொரு அறிவிப்பு அது ஒன்றுதான். மறுபடியும் கீழத்தெரு முனை. மைக்கைப் பிடித்தேன். “அன்பர்களே, தாய்மார்களே! உங்கள் உடம்பு நல்ல உடம்பு! ரத்தம் நிறைய இருக்கிறது! கவலையை விடுங்கள், கழனிக்கு வாருங்கள்!”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு வயதான அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“ஏம்மா அழறீங்க?” என்றேன், மைக்கை அணைத்துவிட்டு.

“எங்க வூட்டுக்காரரு போறதுக்கு முந்தின நாளு டாக்டரும் இதேதான் சொன்னாரு தம்பி. ஒண்ணுமில்ல, நல்லா இருக்காரு, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு.”

அவ்வளவுதான். அதுவரை சும்மா படுத்திருந்தவர்களிலும் சிலர் நிஜமாகவே பயந்துபோனார்கள். ஒருவர் தன் சேவலைக் கொண்டுபோய்ப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கேள்வி. நோய் இருக்கிறது என்றால் நம்புகிற மனுஷன், இல்லை என்றால் நம்புவதே இல்லை. கோதண்டபாணி சாருக்கே அன்றைக்குத்தான் அது தெரிந்தது என்று நினைக்கிறேன். வேனில் திரும்பும் வழியெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் விவகாரம் தாலுகா ஆபீசுக்குப் போயிற்று. தாசில்தார் முன்னிலையில் பேச்சு. ஒரு பக்கம் மிராசுதார். எதிர்ப்பக்கம் சங்கத் தலைவர் தங்கராசுவும் அஞ்சலையும். நடுவில் விரோதி யார், சிநேகிதர் யார் என்று தெரியாமல் நானும் சாரும். மேஜைமேல் எங்கள் டானிக் பாட்டில் ஒன்று, கொலைக் கேஸில் கத்தியை வைத்த மாதிரி வைக்கப்பட்டிருந்தது.

தாசில்தார் மெலிந்த மனிதர். எரிச்சலாகத்தான் ஆரம்பித்தார். “என்ன இது? கூலித் தகராறா, வைத்திய சாலையா?”

தங்கராசு வாயைத் திறக்குமுன் அஞ்சலை எழுந்தார். “ஐயா, நாங்க கூலியே கேக்கலீங்க. எங்களுக்கு உடம்பு சரியில்லீங்க. நாங்களா சொல்லல. இந்த ஐயாதான் வந்து சொன்னாரு. அவரு சொன்னத அவரையே ஒருவாட்டி சொல்லச் சொல்லுங்க.”

தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். வேறு வழியில்லை, எழுந்து நின்று சொன்னேன். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? இரண்டாவது கேள்வியிலேயே குரல் தன் இடத்துக்குப் போய்விட்டது. ஐந்தாவது கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன். பிறகு, கீழ் இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். தாசில்தார் ஒரு கையால் தன் கீழ் இமையை இழுத்துக்கொண்டு மறு கையை மேஜையில் ஊன்றி ஜன்னல் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். குமாஸ்தாக்கள் இருவரும் அதையே செய்தார்கள். சுதாரித்துக்கொண்ட தாசில்தார் தொண்டையைக் கனைத்துவிட்டு, “சரி, சரி” என்றார். பிறகு மிராசுதார் பக்கம் திரும்பினார்.

“இவங்களுக்கு ரத்தம் வத்தினது உண்மையா, இல்லையா?”

“சுத்தப் பொய்ங்க!”

“அப்ப உங்க டானிக் விளம்பரம் பொய்யா?”

சிதம்பரநாதர் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் அவசரமாக, “நாங்க கேள்விதான் கேட்டோம் சார், பதில் சொன்னது அவங்க” என்றார்.

“அதத்தாங்க நானும் சொல்றேன். பதில் எங்களுது” என்றார் அஞ்சலை. “பாதிப் பேருக்கு அவரு சொன்னப்புறம் இருட்டிச்சு. மீதிப் பேருக்கு அதுக்கு முன்னாலேருந்தே இருட்டிட்டிருக்கு. வந்து பாருங்க.”

அவர் தாசில்தாரின் மேஜைக்கு அருகே போய், குனிந்து, தன் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். நானும் கிட்டத்தில் நின்றிருந்தேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரை இழுத்துப் பார்க்கச் சொன்னவன், அன்றைக்குத்தான் ஒருவர் இமையின் உட்புறத்தைப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்திருந்தது. தாசில்தார் பேனாவை எடுத்து மூடினார். மறுபடி திறந்தார்.

சிதம்பரநாதர் சாமர்த்தியசாலி. நிலைமை புரிந்துவிட்டது. “சரிங்க, உடம்பு சரியில்லன்னே வச்சிக்குவோம். நான் ஈரமில்லாதவன் இல்ல. நடவுக்கு வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாட்டில் டானிக் என் செலவுல தர்றேன். கூலிப் பேச்ச இத்தோட விட்டுடணும்” என்றார்.

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை பாட்டில் ஒரே இடத்தில்! தாசில்தாருக்கும் நிம்மதி. தங்கராசு மட்டும் எழுந்து கத்தத் தயாரானார். அஞ்சலை அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இத எப்பிடிக் குடிக்கணும்னு இதுல போட்டிருக்குமில்ல? படிச்சுச் சொல்லுங்க.”

லேபிளைப் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் தடவை கையில் எடுத்த பாட்டில். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. படித்தேன்.

“தினமும் மூன்று வேளை, வயிறார உணவு உண்ட பின், இரண்டு கரண்டி.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

“தினமும் மூன்று வேளை, வயிறார உணவு உண்ட பின்…”

அஞ்சலை மிராசுதார் பக்கம் திரும்பினார். “பாட்டில வாங்கிக்கிறோங்க. அந்த மூணு வேளை சாப்பாடு எந்தக் கடையில விக்கிதுங்க?”

முதலில் சிரித்தது குமாஸ்தா. அடுத்து தாசில்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது. உடனே சந்தேகம் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். கோதண்டபாணி சார் கண்ணாடியைத் துடைக்க மறந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரநாதர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, மதகை அடைக்கப்போகிறார்கள்.

சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது. சங்கம் கேட்டதில் பாதி கூலி உயர்வு, நடவு நாட்களில் மதியம் சோறு மிராசுதார் பொறுப்பு. “சோறா, கஞ்சியா?” என்று அரை மணி நேரம் தகராறு நடந்தது. அஞ்சலை, “லேபிள்ல வயிறாரன்னு போட்டிருக்குங்க” என்றதும் சோறு என்றே எழுதினார்கள்.

அன்று வேனில் திரும்பும்போது, வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். லேபிளை வேறு மாதிரிப் படித்திருக்கலாம், எழுத்து அழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சார் அந்தப் பாட்டிலை மடியில் வைத்து லேபிளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “குரல் நல்லா இருந்துது மூர்த்தி. இனிமே காரணம் மட்டும் சொல்லாதீங்க. கேள்வியோட நிறுத்திக்கணும். காரணம் சொன்னா ஜனங்க மருந்த விட்டுட்டு அதப் புடிச்சுக்கறாங்க.” அடுத்த சரக்கில் லேபிளும் மாறிவிட்டது. ‘தினமும் இரண்டு கரண்டி’ என்று மட்டும் இருந்தது.

அறுவடை முடிந்து, கோடையும் கழிந்து, மறு வருடம் ஆற்றில் தண்ணீர் வந்த சமயம். திருப்பனந்தாள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாத்தங்கரை பிரிவு ரோட்டில் அஞ்சலை கையைக் காட்டி வேனை நிறுத்தினார். கூட நான்கைந்து பெண்கள். போன வருடத்துக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சார் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அவரிடம் குனிந்து மரியாதையாகக் கேட்டார்.

“ஐயா, இந்த வருஷம் எங்க ஊருக்கு என்ன வியாதி கொண்டாறீங்க? சீக்கிரம் வாங்க. கூலி பேசற நாளு நெருங்கிட்டுது.”

காதர் பாய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். சார் சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவர் என்றுமே சிரித்தவரில்லை. சற்று யோசித்துவிட்டு, நல்ல வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் சொன்னார்:

“முதுகு வலிக்கு ஒரு தைலம் வருதும்மா. அடுத்த வாரம் அனுப்பறேன்.”